கல்லுமலைக் கொடியை வெட்டச் சொன்னது யார்?

ராசா, சிரம்பான்,
1928 பெப்ரவரி 9

சிவசிதம்பரம் அவர்களுக்கு,

இவ்விடம் ஒருவரும் நலமில்லை. அவ்விடத்தில் நீங்கள் நலமாயிருந்தால் அதைப்போல வெட்கக்கேடு வேறு இல்லை.

சொல்லாமல் வந்துவிட்டேன் என்று கோபிப்பீர்கள். சொல்ல நீங்கள் வீட்டில் இருந்தால்தானே! தோட்டத்துத் துரையின் பங்களாவில் உட்கார்ந்து றிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தீர்கள். சோற்றை மூடி வைத்துவிட்டு, சிரம்பான் பஸ் பிடித்து அண்ணர் வீட்டுக்கு வந்தேன்.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். காடு வெட்டும் சன்னாசியின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் அந்த மனுசன் எழும்பப் பார்த்தான். ஒரு காலோடு எழும்பி நிற்கவேண்டுமாம், கிராணியின் பெண்சாதி வந்திருக்கிறாளாம்! எனக்கு நிலத்துக்குள் புகலாம்போல் இருந்தது.

"அம்மா, நம்ம லயத்துப் பஞ்சாலப் பொண்ணு வெட்டாதன்னு சொல்லிச்சு. ஐயா பக்கத்துல நின்னு வெட்டுங்கிறாரு. வெட்டாம என்னா செய்ய?" என்றான்.

நடந்ததை நீங்கள் மறந்ததுபோல நடிப்பீர்கள். ஆகையால் எழுதியே வைக்கிறேன். ஒன்பதாம் நம்பர் காட்டுக்குள் கல்லுமலை இருக்கிறது. அங்கே ஆளுயரக் கற்கள் சோடி சோடியாக நிற்கின்றன. எந்தக் காலத்தில் யார் நட்டார்களோ, ஒருவருக்கும் தெரியாது. மலாய்க்காரர் உயிருள்ள கல் என்கிறார்கள், வருஷத்துக்கு வருஷம் வளருதாம். அந்நியர் கால் வைக்கக்கூடாதென்று மலையைச் சுற்றிப் பொறிகள். லயத்துக் கூலிச் சனங்கள் வந்த புதிதில், பாதைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்த பிரம்புக்கொடியை முனியாண்டியின் எல்லை என்று நினைத்து, அதில் மஞ்சள் நூல் கட்டி நேர்ந்துகொண்டார்கள். அந்தக் கொடியின் மறுமுனையில் வளைத்த மரமும் அதன் நுனியில் ஈட்டியும் இருந்தது பஞ்சாலைக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் நூல் கட்டினாள். நூல் கிடந்தால்தான் கொடி கண்ணில் படும், ஒருவரும் இடறமாட்டார்கள் என்றாள்.

துரைக்குப் பங்களா வாசலில் வைக்க அந்தக் கற்கள் வேண்டும். நூலையும் கொடியையும் வெட்டி எறியச் சொன்னார். சனிக்கிழமை பின்னேரம் பஞ்சாலை நமது குசினி வாசலில் வந்து நின்று, "அதுல ஈட்டி இருக்குங்கய்யா, கொடிய வெட்டுனா ஆளப் பொத்துரும்" என்று கெஞ்சினாள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். திங்கட்கிழமை சன்னாசி வெட்டினான்.

இப்போது பொறி வைத்தது பஞ்சாலை என்று பொலிஸ் கொண்டுபோய்விட்டதாமே! யாக்கூப் காக்காவின் கடையில் சாமான் வாங்கப் போன அண்ணர் கேட்டுக்கொண்டு வந்தார். உங்கள் றிப்போர்ட்டில் என்ன எழுதினீர்கள்? அதற்குப் பதில் வரும்வரை நான் வரமாட்டேன்.

திலகம்


பெடாஸ் தோட்டம்,
1928 பெப்ரவரி 12

திலகத்துக்கு,

உமது கடிதம் கிடைத்தது. ஒரு கிராணியின் பெண்சாதி கூலியாளின் கட்டிலடியில் போய் நின்றதை சிரம்பானில் எத்தனை பேர் பார்த்தார்களோ, சிவனே! இங்கே முருகையா கங்காணி, "அம்மா ஊருக்குப் போயிருக்காங்களாய்யா?" என்று தினமும் காலையில் பல்லைக் காட்டுகிறான். நான் ஓம் என்கிறேன். வேறு என்ன சொல்ல?

நான் கிராணி. துரை சொல்வதை நல்ல இங்கிலீஷில் எழுதுவது என் வேலை. றிப்போர்ட்டில் ஒரு பொய்கூட இல்லை. கொடியில் நூல் இருந்தது என்று எழுதினேன், உண்மை. நூலைக் கட்டியவள் பஞ்சாலை என்று எழுதினேன், அதுவும் உண்மை. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் துரை. அதற்கு நான் என்ன செய்ய?

கொடி வெட்டினால் ஈட்டி வரும் என்று அவள் சொன்னது மெய்தான். இந்தச் சனங்கள் சொல்வதையெல்லாம் நம்பினால் ஒரு ஏக்கர் காடு வெட்டமுடியுமா? போன மாதம் ஆலமரத்தில் பேய் என்றார்கள். அதற்கு முந்திய மாதம் கிணற்றில் ஏதோ கூப்பிடுகிறது என்றார்கள். இதையும் அதுபோலவே எடுத்தேன். மனுசன் யாருக்கும் வரக்கூடிய பிழை.

வேலை போனால் என்ன நடக்கும் என்று யோசித்தீரா? ஊரில் என் தங்கச்சி இரண்டு பேருக்கும் கலியாணம் பேசி நிற்கிறது. இந்தத் தோட்டத்தில் வேலை போனவனுக்கு வேறு தோட்டத்தில் ஒரு துரையும் கதிரை போடமாட்டார்.

நீர் விசர்க்கோபத்தை விட்டுவிட்டு வாரும். நீர் மூடி வைத்த குழம்பை மூன்று நாள் சூடாக்கிச் சாப்பிட்டேன், நாலாம் நாள் புளித்துவிட்டது.

சிவசிதம்பரம்


ராசா,
1928 பெப்ரவரி 15

சிவசிதம்பரம் அவர்களுக்கு,

குழம்பு புளித்ததற்கு அனுதாபம். சன்னாசிக்குக் கால் போனதை ஒரு வரியிலும் காணவில்லை.

உங்கள் இரண்டு உண்மைகளையும் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நல்ல கெட்டித்தனம்! மூன்றாவது உண்மையை எங்கே வைத்தீர்கள்? அவள் முன்கூட்டியே வந்து சொன்னாள் என்பதை எழுத மை காணாதோ?

நேற்று அண்ணருக்குத் தெரியாமல் பஞ்சாலையைப் பார்க்க ஜெயிலுக்குப் போனேன். தெரிந்த பிறகு அண்ணர் ஏசின ஏச்சு தெருமுனைவரை கேட்டிருக்கும். ஏசட்டும். அவள் அழுது களைத்திருப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அவளோ என்னைப் பார்த்ததும், "சன்னாசியண்ணன் கஞ்சி குடிக்கிறாராம்மா?" என்று கேட்டாள்.

நான் அவளிடம், "பொறி வைத்தவர்களை உனக்குத் தெரியும்தானே. சொல்லிவிட்டால் உன்னை விடுவார்கள்" என்றேன். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து மலாய்க் கம்பத்து ஊர்ப் பெண்களோடு அவள் ஆற்றடியில் கதைப்பதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் நிலம் தாய்வழியாகப் பெண்களுக்குத்தான் போகும். அந்தக் கல்லும் யாரோ ஒரு தாயின் சொத்து. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருஷத்துக்கொரு தரம் அவர்கள்தான் பழைய கொடியை எடுத்துப் புதுக்கொடி கட்டுகிறார்கள். காவல் வைக்கிறார்கள். அவர்கள் இடத்துக்கு அவர்கள் காவல் வைத்தால் அது குற்றமா?

பஞ்சாலை கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யாரு வெச்சாங்கன்னு எங்கிட்ட கேக்காதீங்கம்மா. சொல்லமாட்டேன். யாரு வெட்டச் சொன்னாங்கன்னு போய்க் கேளுங்க. அதுக்கு வாய் இருக்கிறவங்க வெளியிலதான இருக்காங்க!"

அந்த வாய் உங்களுடையது.

வழக்கு 27ஆம் திகதி. நான் போய்ச் சொன்னால், கோபித்துக்கொண்டு வந்த பெண்சாதி புருசன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். ஆனால் உங்கள் கறுப்புமட்டை வேலை டயரி இருக்கிறதே! அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதில் எழுதினீர்கள். ஒன்பதாம் நம்பர் கொடி ஆபத்தென்று பஞ்சாலை முறையிட்டாள், கட்டளைப்படி நாளைமறுநாள் வெட்டப்படும் என்று இங்கிலீஷில் எழுதியதை நான் தோளுக்கு மேலால் வாசித்தேன். எனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறீர்கள். அந்தப் பக்கத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

திலகம்


பெடாஸ்,
1928 பெப்ரவரி 20

திலகத்துக்கு,

அந்தப் பக்கம் இல்லை. சன்னாசிக்குக் காயம் பட்ட அன்றே துரை டயரியைப் பார்க்கக் கேட்டார். பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் அசுத்தமாயிருக்கிறது" என்று சொல்லி என் கையிலே கொடுத்தார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் சவர அலகால் அரிந்தெடுத்து, நமது குசினி அடுப்பிலே போட்டேன். நீர் அப்போது கிணற்றடியில் நின்றீர்.

இன்னொன்றும் நடந்தது. ஒன்பதாம் நம்பருக்கு ஒருவரும் இறங்கமாட்டோம் என்று காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் நின்றுவிட்டார்கள். முருகையா கத்திப் பார்த்தான், ஒருவரும் அசையவில்லை. துரை என்னைப் பார்த்து, "கிராணி, நீ முன்னால் நட. உன் பின்னால் வருவார்கள்" என்றார். நடந்தேன். சப்பாத்து, குடை, கைப்புத்தகம் எல்லாவற்றோடும் நடந்தேன். எனக்குப் பின்னால் வந்தவன் சன்னாசியின் தம்பி மணியம் ஒருவன்தான். அவனும் வேலைக்கு வரவில்லை. நான் என்ன ஆகிறேன் என்று பார்க்க வந்தான்.

அந்தக் கற்களை இத்தனை வருஷத்தில் நான் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பார்த்ததும் குடையைத் தாழ்த்திவிட்டேன், ஏனென்று தெரியாது. சிலவற்றில் பூவும் வாளும் கொத்தியிருக்கிறது. சிலவற்றில் எழுத்துப்போல ஏதோ இருக்கிறது, எனக்குத் தெரிந்த எந்தப் பாஷையும் அல்ல. இடிந்த மதில் ஒன்று சுற்றி ஓடுகிறது. மதிலைத் தாண்டலாமென்று ஓரிடத்தில் காலை வைத்தேன். சருகு கீழே போயிற்று. நானும் போனேன்.

ஒரு ஆள் ஆழக் குழி. கடவுள் புண்ணியத்தில் அதன் அடியிலிருந்த மூங்கில் முளைகள் உளுத்துப் போயிருந்தன. தொடையில் கீறலோடு தப்பினேன். மேலே பார்த்தால் மணியம் விளிம்பில் குந்தியிருக்கிறான். கை நீட்டவில்லை. குழியின் பக்கங்களைப் பார்த்தான். கல்லடுக்கிக் கட்டிய குழி, திலகம். கற்களின் இடுக்கில் பாசி பிடித்து, மரவேர் என் கை மொத்தத்துக்குப் புகுந்து வந்திருக்கிறது. நூறு வருஷமோ, முன்னூறு வருஷமோ!

"ஏய்யா, இதையும் பஞ்சாலதான் தோண்டுனுச்சா?" என்று கேட்டான்.

அவன் காத்திருந்தான். நான் "இல்லை" என்று சொன்ன பிறகுதான் கையைக் கொடுத்துத் தூக்கினான். விட்டுவிட்டுப் போயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? தூக்கிவிட்டு, என் சப்பாத்தில் ஒட்டிய சேற்றைக்கூடத் தட்டிவிட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கமுடியவில்லை.

நான் என்ன செய்யவேண்டுமென்று எழுதும்.

சிவசிதம்பரம்


ராசா,
1928 பெப்ரவரி 22

சிவசிதம்பரம் அவர்களுக்கு,

எழுதமாட்டேன். துரை சொன்னார் என்று ஒன்று செய்தீர்கள். பெண்சாதி சொன்னாள் என்று இன்னொன்று செய்யவேண்டாம். அப்படிச் செய்தால் கடைசியில் அதற்கும் நீங்கள் பொறுப்பில்லை என்பீர்கள்.

குழிக்குள்ளிருந்து "இல்லை" என்று சொல்லத் தெரிந்த மனுசனுக்குக் கோர்ட்டுக் கூட்டில் நின்று சொல்லத் தெரியாதா? பக்கத்தை எரித்தீர்கள், நாக்கையும் எரித்துவிட்டீர்களா? உங்களை நினைத்து எனக்குக் கோபமாயும் இருக்கிறது, அந்தரமாயும் இருக்கிறது. அந்தக் கீறலுக்கு வேப்பெண்ணெய் போடுங்கள்.

27ஆம் திகதி நான் கோர்ட்டில் இருப்பேன். அண்ணர், "போனால் இந்த வாசலுக்குத் திரும்பி வராதே" என்கிறார். சீலையை மடித்து வைத்துவிட்டேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் பஞ்சாலை பக்கத்தில் ஒருத்தி நிற்பாள்.

திலகம்


பெடாஸ்,
1928 பெப்ரவரி 25

திலகத்துக்கு,

இன்று காலை துரையிடம், எனக்கு 27ஆம் திகதி லீவு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார். கோர்ட்டில் சாட்சி சொல்ல என்றேன். அவர் சிரித்து, தோட்டத்துச் சார்பில் முருகையா போகிறான், நீ தேவையில்லை என்றார். "தோட்டத்துச் சார்பில் நான் போகவில்லை, துரை" என்றேன்.

இந்த ஒரு வசனத்தை இங்கிலீஷில் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்ததென்று கேட்டால் நீர் பகிடி பண்ணுவீர். அவர் சுருட்டைக் கீழே வைத்தார். பெரிய கிராணி வேலை சித்திரையில் காலியாகிறது, அதற்கு உன் பெயரைத்தான் நினைத்திருந்தேன் என்றார். பிறகு, குவாட்டஸ் வீட்டை ஒரு நாளுக்குள் காலி பண்ணவேண்டியிருக்கும் என்றார். லீவு வேண்டும் என்றே நின்றேன். தொடை நோகிறது, நிற்கக் கஷ்டமாய் இருந்தது. இருக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷமாய் அந்த அறையில் அவர் என்னை இருக்கச் சொன்னதே இல்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

நான் வருகிறேன். தங்கச்சிகளின் காரியத்துக்கு ஊருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பயமாய் இருக்கிறது. பயத்தோடேதான் வருவேன்.

சிவசிதம்பரம்


ராசா, யாக்கூப் காக்கா வீட்டு மேல்மாடி,
1928 பெப்ரவரி 28

அன்புள்ள உங்களுக்கு,

விலாசத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அண்ணர் சொன்னபடி கதவைச் சாத்திவிட்டார். காக்காவின் பெண்சாதி ஹசீனா பேகம், "நீங்க எங்க போறீங்க, மாடி சும்மாத்தானே கெடக்கு" என்று என் பெட்டியைப் பறித்துக்கொண்டு போனாள்.

நேற்று நீங்கள் கூட்டில் ஏறியபோது குரல் நடுங்கியது. கேட்காது, பலமாய்ச் சொல் என்றார்கள். அப்போது நீங்கள் போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது! "அவள் எனக்கு முன்கூட்டியே சொன்னாள். நான் சிரித்தேன். வெட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்றவன் நான்" என்று சொன்னீர்கள். பக்கத்தை அரிந்ததையும் சொன்னீர்கள். அதைச் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவேயில்லை. முருகையா வாய் திறந்தபடி இருந்தான்.

பஞ்சாலையை விட்டுவிட்டார்கள். கடைசிவரை கேட்டார்கள், பொறி யார் வைத்தது என்று. அவள் கடைசிவரை சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "ஐயாவுக்கு வேல போயிருச்சாம்மா?" என்றாள். போய்விட்டது என்றேன். "லயத்துல ஒருத்தரும் கல்லுமலப் பக்கம் எறங்கமாட்டோம். தொர வேணும்னா அவரே தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று பஸ்ஸுக்குப் போனாள்.

கோர்ட்டு வாசலில் நீங்கள் என்னை நோக்கி வந்தீர்கள். நான் விலகிப் போனேன். கோபத்தில் இல்லை. கோர்ட்டுக்குச் சொன்னீர்கள், துரைக்குச் சொன்னீர்கள், எனக்கும் எழுதினீர்கள். கால் போனவனுக்கு இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த மூன்று கிழமையில் ஒரு நாள்கூட நீங்கள் அந்தக் கட்டிலடிக்குப் போகவில்லை. முதலில் அங்கே போங்கள். பிறகு இங்கே வாருங்கள்.

திலகம்


சிரம்பான் ஆஸ்பத்திரி வராந்தா வாங்கில் உட்கார்ந்து,
1928 மார்ச் 1

என் திலகம்,

நீர் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நேரில் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன்.

சன்னாசி கிடக்கும் வாட்டுக்குள் மூன்று தரம் போய் மூன்று தரம் திரும்பினேன். நாலாம் தரம் மணியம் கண்டுவிட்டான். "என்னாய்யா, உள்ளயும் குழி இருக்குன்னு பயமா?" என்றான். போனேன்.

சன்னாசி மெலிந்து போயிருக்கிறான். போர்வை ஒரு பக்கம் தட்டையாய்க் கிடந்தது. நான் கட்டிலடியில் நின்று, இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வசனங்களைச் சொன்னேன். என்னை மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்தேனா என்று பார்த்தான்.

"மன்னிப்ப வெச்சு நான் என்னாய்யா செய்ய? கஞ்சியில போட்டுக் குடிக்கவா?" என்றான்.

போகத் திரும்பினேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க" என்றான்.

எந்தக் கூலியாளும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் போன மாதம் நான் என்ன செய்திருப்பேன் என்று உமக்குத் தெரியும். கட்டில் ஓரத்திலே உட்கார்ந்தேன். அவன் தன் மிச்சக் காலை ஒதுக்கி இடம் விட்டான்.

"ஐயா, ஒங்களுக்கு எழுத வரும், எனக்கு வராது. தொர சொன்னத இம்புட்டு வருசம் எழுதுனீங்கல்ல. இப்ப நான் சொல்றத எழுதுங்க. லயத்துல எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டணும், அப்புறம் தொரைக்குப் போவணும், தொழிலாளர் ஆபிசுக்கும் ஒண்ணு போவணும். ஒரு எழுத்து கூட்டக்கூடாது, கொறைக்கக்கூடாது."

கைப்புத்தகத்தை எடுத்தேன். பழக்கதோஷத்தில், மகாகனம் பொருந்திய துரையவர்களின் சமூகத்துக்குத் தாழ்மையுடன் என்று தொடங்கினேன். வாசித்துக் காட்டச் சொன்னான். வாசித்தேன். கையை நீட்டி, "அத அடிங்க" என்றான். அடித்தேன்.

இதை இங்கிலீஷில் மாற்றும்போது என் கை தானாகவே ஒவ்வொரு சொல்லையும் மென்மையாக்கப் பார்க்கும். அந்தக் கையை எனக்குத் தெரியும். ஆகையால் இதை மணியம் கையில் கொடுத்தனுப்புகிறேன், நீர் இப்போதே வாரும். பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பாரும், மென்மையாக்கினால் தலையில் குட்டும். வார்டர் ஆறு மணிக்குத்தான் வெளியே போகச் சொல்லுவார்.

அவன் சொல்லி நான் எழுதியது இதுவரை இவ்வளவுதான்:

"தொரைக்கு சன்னாசி சொல்றது. கொடிய வெட்டுனது நானு, வெட்டச் சொன்னது நீங்க. கால எடுத்துட்டாங்க. வாய எடுக்கல."

சிவசிதம்பரம்